கோழிக்குத் தண்ணீர் வைத்த சட்டி

ராசிங்காபுரத்தில் என் பிறந்த வீட்டார் எனக்குக் கொடுத்த நிலத்தில் தென்னைக்குக் குழி வெட்டியபோது, பெரிய மண்பானை ஒன்றின் வாய் தெரிந்தது. பக்கத்திலேயே, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சின்னச் சட்டி ஒன்று. "அந்தக் காலத்துக் குலுக்கை. தானியம் போட்டு வச்சிருப்பாக," என்றார் என் வீட்டுக்காரர். வெள்ளாமை பார்க்கிற சம்சாரிக்கு எந்தப் பானையைப் பார்த்தாலும் தானியம்தான் நினைவுக்கு வரும்.

அரசாங்கத்துக்குச் சொல்லிவிடலாம் என்றேன். மனிதர் பிடிகொடுக்கவில்லை. பக்கத்துப் பொட்டிபுரம் மலையில் ஆய்வுக்கூடம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்ததிலிருந்து, எங்கள் பக்கம் அரசாங்க ஜீப்பைக் கண்டாலே நிலம் போய்விடும் என்ற பயம். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு," என்று பானையை மூடி, அதன் மேலேயே தென்னம்பிள்ளையை நட்டுவிட்டார். சட்டியில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தார்.

பட்டா என் பெயரில்தான். நானே போய்ச் சொல்லியிருக்க முடியும். ஆனால் அந்த மண்ணில் பாடுபடுகிறவர் அவர். அவருக்கு மனசில்லாமல் குழியைத் திறந்தால் ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்.

போடியிலிருந்து சென்னைக்கு நேராக ரயில் விட்ட பிறகு, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மறுநாள் அவரை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"கல்லையும் மண்ணையும் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? அது நம்ம காட்டுலயே கெடக்கே."

"அதுக்குத்தான் கூட்டியாந்தேன். பேசாம வாங்க."

கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் பானை. பக்கத்தில் எங்கள் சட்டி, அச்சு அசலாக. அங்கே எழுதியிருந்ததை அவர் வாய்விட்டுப் படித்தார். பானை, இறந்தவரை வைத்துப் புதைத்த தாழி. சட்டி, அவருக்கு உணவு வைத்தது.

அமாவாசையன்று தன் அப்பாவுக்குப் படைத்துக் காக்கைக்குச் சோறு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடாத மனிதர் அவர். "செத்தவுகளுக்குச் சோறு வச்ச சட்டியிலயா கோழிக்குத் தண்ணி வச்சேன்?" என்றார். கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. பாவமாக இருந்தது.

திரும்பும் ரயில் மதுரை தாண்டியபின் கேட்டார்: "சொன்னா நெலத்த எடுத்துக்குவாகளா?"

"தெரியல," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பன் குழி மேல எவனாச்சும் தென்னம்பிள்ளைய நட்டா நான் விடுவனா?"

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மண்வெட்டியோடு காட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தென்னம்பிள்ளையை மண் உதிராமல் எடுத்து வரப்போரம் வைத்தார். பானையின் வாய் தெரிந்ததும் செருப்பைக் கழற்றித் தள்ளி விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப அரசாங்கத்துக்குப் போனப் போடு."