எடுத்தவர்: சி. கதிரேசன்

பள்ளித் தோழி ரிசானாதான் சொன்னாள். பல்கலைக்கழக விடுதியின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தொலைபேசி. எனக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

"கதிரேசன் நானா மவுத்தாகிட்டாராம்டி."

தம்புள்ளைச் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் இரத்தோட்டையில் அடக்கம். "வாறியா?" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அந்த மூட்டையை அவர் தோளில் ஏற்றியவள் நான்தான் என்ற எண்ணம் வந்தது. ஐந்து வருடமாக இருந்த எண்ணம். அன்று அது கனத்தது.

அவரை அறிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். பலாபத்வலவில் அவரோடு சாயம் தோய்த்தவர்கள். தம்புள்ளையில் அவரோடு சுமை இறக்கியவர்கள். நீங்கள் அறிந்த அளவுக்கு நான் அவரை அறியவில்லை. என்னிடம் இருப்பவை சில நாட்கள் மட்டும். இன்று அவற்றை இலேசான கையோடு எழுத முடிகிறது. போன மாதம் முடிந்திருக்காது.

*

உயர்தர வகுப்பில் இருந்தோம். ஒரு கண்காட்சிக்காகச் சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பாடசாலை மாணவர்களும் கடல் மாசடைவதை ஆராய்ந்து, கரையோரத்தைக் காப்பது பற்றிக் காட்சி வைக்க வேண்டும். வகுப்பு சிரித்தது. மாத்தளையில் கடல் இல்லை. எங்களில் பெரும்பாலோர் கடலைப் பார்த்ததுமில்லை. அது சண்டைக் காலம், திருகோணமலைக்கு யாரும் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள்.

சுவரில் இலங்கைப் படம் இருந்தது. ரிசானா விரலை வைத்தாள். சுது கங்கை. அது அம்பன் கங்கையில் விழுகிறது. அம்பன் கங்கை மகாவலியில். மகாவலி கொட்டியாரக் குடாவில். விரல் கடலில் போய் நின்றது.

கடலுக்குப் போக முடியாது. கடலுக்குப் போவதை வழியில் பிடிக்கலாம். நாங்கள் இருவரும் போத்தல்களோடு புறப்பட்டோம்.

பலாபத்வலவில், மெழுகும் சாயமும் வைத்துத் துணியில் பூப்போடும் ஒரு பத்திக் பட்டறையின் பின்பக்கம் ஓடை நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே மெழுகு ஆடையாகப் படிந்திருந்தது. வேலிக்கு உள்ளிருந்து ஒரு குரல்.

"என்னா புள்ளைகளா, மீன் புடிக்கிறீங்களா? இதுல மீன் இல்ல. இருந்திருந்தா அதுக்கும் பூப்போட்டு வெள்ளைக்காரனுக்கு வித்திருப்பாரு மொதலாளி."

முழங்கைவரை நீலமான ஒரு மனிதர். முப்பத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இது கடலுக்கா போவுது?"

"ஓம் நானா. திருகோணமலக் கடலுக்கு."

ஓடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வேலியத் தாண்டுனா முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார்.

உள்ளே வர எங்களுக்கு அனுமதி இல்லை. கையை நீட்டி ஒரு போத்தலை வாங்கிப் போனார். சாயத்தொட்டிக் குழாயின் வாயிலேயே பிடித்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, மூடி இறுக்கிக் கொடுத்தார். ஓடையில் எடுத்ததைவிட இரண்டு மடங்கு நீலம்.

"இதான் அசல். ஓடையில உள்ளது தண்ணி கலந்தது. ஏமாந்துறாதீங்க."

*

அன்று மாலை மாத்தளைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவரும் இருந்தார். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் ஆறு போத்தல்கள். நீலம், மஞ்சள், சேறு. அவற்றோடு கையால் வரைந்த ஒரு படம். ஆறுகள், அம்புக்குறிகள், கடைசியில் கொட்டியாரக் குடாவைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

எங்களுக்கு அது ஆறு. பார்க்கிறவருக்கு அது திருகோணமலை. அந்த வருடங்களில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் அப்படி ஒரு படம் இருக்கக் கூடாது. அது எனக்குத் தெரியாமலில்லை. சிப்பாய் படத்தை விரித்தபோதுதான் உறைத்தது.

ரிசானா சிங்களத்தில் தொடங்கினாள். குரல் உடைந்தது. கதிரேசன் அண்ணன் வரிசையிலிருந்து விலகி வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சட்டைக் கையை மடித்து, நீலப் போத்தலுக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். ஒரே நிறம்.

சிங்களத்தில் சொன்னார்: "சேர், இதுல இருக்கிறது நான்தான். என்னைக் கொஞ்சம் போத்தல்ல ஊத்தி எடுத்துட்டுப் போறாங்க."

சிப்பாய் படத்தைக் காட்டி, திருகோணமலைக்கு ஏன் வட்டம் என்று கேட்டார்.

"தண்ணி அங்க போவுது சேர். நாங்க போறதில்ல."

சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ஊர் தெற்கே எங்கோ கடற்கரை. சாயம் பட்டால் மீன் சாகுமா என்று ரிசானாவிடம் கேட்டார். அதைத்தான் பார்க்கிறோம் என்றாள். படத்தை மடித்து என் கையில் தந்து, இதைப் பாடசாலையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் கவனித்தேன். கம்பியைப் பிடித்திருந்த நீலக் கை நடுங்கியது.

"பயந்துட்டீங்களாண்ணே?"

"பயமா? ஈரக் கையி தங்கச்சி. குளிருது."

*

இனி என் தவறு.

ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். இடம், நேரம், எடுத்தவர். ஐந்து போத்தல்களில் எங்கள் பெயர்கள். ஆறாவதை நாங்கள் எடுக்கவில்லை. எனவே, பஸ்ஸில் அவர் சொன்ன பெயரோடு, உள்ளதை எழுதினேன். 'பத்திக் பட்டறைக் குழாய். எடுத்தவர்: சி. கதிரேசன், சாயத் தொழிலாளி.' கீழே ரிசானா அதையே சிங்களத்தில் எழுதினாள். எழுதும்போது அது எனக்கு நேர்மையாகத் தெரிந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்காட்சியில் ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல் செய்திருந்தோம். குழாய்த் தண்ணீரும் கடை உப்பும். நாங்கள் கூப்பிட்டிருந்ததால் கதிரேசன் அண்ணன் மனைவியோடு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தார்.

"கடலு இம்புட்டு உப்பாவா இருக்கும்?"

"தெரியா நானா," என்றாள் ரிசானா. "நாங்களும் கண்டதில்ல."

பிறகு போத்தலைப் பார்த்தார். சீட்டை வாசித்தார். மறுபடி வாசித்தார். முகம் மாறியது. கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, எதுவும் சொல்லாமல் வெளியே போனார். மனைவி பின்னால் ஓடினார்.

சற்று நேரத்தில் பட்டறை முதலாளி வந்தார். அவரும் அதே சீட்டின் முன் குனிந்தார். அவருடைய உதடுகள் அந்தப் பெயரைக் கூட்டி வாசித்தன. நான் பக்கத்தில் நின்றேன். முதலாளியின் அழுக்கில் தொழிலாளியின் பெயரை எழுதி, ஊர் பார்க்க வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

மாலையில் சாமான்களைக் கட்டும்போது ஆறாவது போத்தலைக் காணவில்லை. முதலாளிதான் எடுத்திருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் அவருடைய வேன் கதிரேசன் அண்ணனின் வாசலில் நின்றதை ரிசானா பார்த்தாள். அடுத்த மாதம் பட்டறைக்குப் போனோம். வேலியருகே ஒரு பெண் சொன்னார்: "அவரு நின்னுட்டாரு."

ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு பரீட்சை. பல்கலைக்கழகம். ஒருநாள் தம்புள்ளையில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அவர். தோளில் சந்தைக்கு வந்த கோவா மூட்டை. கையில் நீலமே இல்லை. எல்லோருடைய கையையும் போல ஒரு கை. பஸ் கிளம்பும்வரை புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். ஒரு வரியும் வாசிக்கவில்லை.

*

இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து வெள்ளைக் கொடிகள் வழி காட்டின. தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் பந்தல். ரிசானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி லெச்சுமி அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அக்கா, நான்..."

"தெரியுது. போத்தல் புள்ளைங்க."

சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். என்னால்தான் அவர் வேலை போனது, என்னால்தான் மூட்டை தூக்கினார், நான் பேரைப் போட்டிருக்கக் கூடாது. ரிசானா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை.

லெச்சுமி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அழுத கண்ணோடு, சாவு வீட்டில். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு? அந்த மாசம் மொதத் தேதியே நிக்கப் போறேன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டாரு. கையி ரெண்டும் புண்ணு. சாயத்துல கை வச்சா அழுகிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்கண்ணன் தம்புள்ளையில எடம் பாத்து வச்சிருந்துச்சு. ஒங்க கண்காட்சி அதுக்குப் பொறவுதான?"

"மொதலாளி வேன்ல வந்தாரே அக்கா?"

"வந்தாரு. கோவமாத்தான் வந்தாரு. குழி வெட்டி மண்ணுல எறக்குனா தண்ணி தெளியும்னு இவரு ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டிருந்தாருல்ல? அத எங்க வெட்டணும்னு மொதலாளி கேட்டாரு. 'நல்லவேள, ஒன் பேரு போட்டாங்க, என் பேரப் போடல'ன்னாரு. டீ குடிச்சிட்டுப் போனாரு."

ரிசானா என் காதில், "அஞ்சு வருஷம், மோடச்சி," என்றாள்.

"பின்ன ஏன் அன்னைக்குச் சீட்ட வாசிச்சிட்டு ஒண்ணும் பேசாமப் போனார்?"

"பேச்சு வரல அந்த மனுசனுக்கு. வெளிய வந்து மரத்தடியில நின்னு அழுதாரு. அதுவரைக்கும் அவரு பேர எழுதிப் பாத்தது ஆளு பதியிற செக்ரோல்ல மட்டுந்தான். அது வேலைக்கு வந்ததுக்கு. 'இது கண்டுபிடிச்சதுக்குடி'ன்னாரு."

உள்ளே கூட்டிப்போனார். சாமிப் படங்களுக்குக் கீழே, தட்டில், ஆறாவது போத்தல். நீலம் அடியில் படிந்திருந்தது. மேலே தண்ணீர் ஏறக்குறையத் தெளிவு. சீட்டின் மேல் பசைநாடா ஒட்டியிருந்தது, நனையாமல் இருக்க.

"களவுன்னு நெனச்சுக்காதீங்க. கேக்க வெக்கம். கூட்டம் கலையிறப்ப திரும்பப் போயி சட்டைக்குள்ள வச்சு எடுத்தாந்துட்டாரு."

இன்னொன்றும் சொன்னார். தம்புள்ளையில் ஒருநாள் என்னை அவர் பார்த்தாராம். 'பஸ்ஸுக்குள்ளயும் படிக்குது. கூப்புட்டா படிப்பு கெட்டுப் போயிரும்' என்று ஒதுங்கி நின்றாராம்.



*

சண்டை நின்ற பிறகு அவர் காய்கறி லொறியில் திருகோணமலைக்குப் போயிருக்கிறார். லொறியை இறக்கிவிட்டு நேரே குடாவின் கரைக்கு. திரும்பி வந்து மனைவியிடம் சொன்னது:

"நம்ம கலரு வந்திருக்கான்னு பாத்தேன். காணல. ஆனா கண்ணால பாத்து இல்லன்னு சொல்லக் கூடாது. போத்தல்ல புடிச்சுப் பாக்கணும். அதுக்கு அந்தப் புள்ளைங்க வரணும்."

லெச்சுமி அக்கா அலமாரியின் பின்னாலிருந்து வேறொரு போத்தலை எடுத்தார். காலி. கழுவிக் காயவைத்து மூடியது. அதிலும் ஒரு சீட்டு. அவருடைய எழுத்து, பெரிது பெரிதாக.

இடம்: கொட்டியாரக் குடா.

நேரம்:

எடுத்தவர்:

"யாரு போறாங்களோ அவங்க பேரு போடணுமாம். முன்னாடியே எழுதுனா பொய்யாயிருமாம்," என்றார்.

திரும்பும் வழியில் மாத்தளையில் பஸ் மாறிப் பலாபத்வலவுக்குப் போனோம். வேலிக்குப் பின்னால் குழி இருக்கிறது. ஓரத்தில் புல் முளைத்திருக்கிறது. ஓடையில் முழுத் தெளிவில்லை. இலேசான ஒரு நீலம் இன்னும் உண்டு. ஆனால் கல்லில் மீன்குஞ்சுகள். ரிசானா எண்ணத் தொடங்கி, கலைந்ததும் விட்டுவிட்டாள். இருவரும் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தோம். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இப்போது யாரோ இளநீர் விற்கிறார்.

நீலப் போத்தலை நான் கேட்கவில்லை. அது அவர் எடுத்தது, அவருடைய வீட்டில் இருக்கட்டும். காலிப் போத்தல் என் மேசையில் இருக்கிறது. விடுமுறைக்கு ரிசானாவும் நானும் திருகோணமலைக்குப் போகிறோம். பஸ் பகல் பஸ். நாங்கள் முதல்முறை கடல் பார்ப்போம். யார் தண்ணீருக்குள் இறங்குவது என்று இப்போதே சண்டை. இறங்கியவள் பெயரைச் சீட்டில் எழுதுவோம், எடுத்த பிறகு.