பெரியம்மா கேட்ட இங்கிலீஷ் வார்த்தை

கொடைக்கானலில் விடுதியில் தங்கி ஏழாம் வகுப்புப் படித்ததால், வடகவுஞ்சியில் எங்கள் தெருவுக்கே நான்தான் இங்கிலீஷ். தந்தி வந்தால் என்னைத்தான் தேடுவார்கள். அந்தப் பெருமையோடு விடுமுறைக்கு வந்திருந்தபோது, பெரியம்மா ஒரு மனு எழுதச் சொன்னார்.

அந்த வருஷம் மாசியில், பிரசவ வலி கண்ட பக்கத்து வீட்டு அக்காவை டோலி கட்டிக் கொடைக்கானலுக்குத் தூக்கிப்போனவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். அந்த அக்காவின் காரியம் முடிந்த கையோடு பெண்கள் கூடி மாதர் சங்கம் ஆரம்பித்தார்கள். கை தூக்கிப் பெரியம்மாவைத் தலைவியாக்கினார்கள். ஊருக்கு ஒரு நர்ஸ் வேண்டும். அதுதான் முதல் கோரிக்கை.

மனுவை வாங்கும் கொடைக்கானல் அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர். ஊர்ப் பெரியவர் தம் கணக்குப்பிள்ளையை வைத்து இங்கிலீஷில் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்திருந்தார். அதைப் பார்த்து நானும் 'அப்பாயிண்டட் ஆஸ் லீடர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

வெள்ளனே கிளம்பி நடந்தே கொடைக்கானல் போனோம். பஸ் நிற்கும் இடத்தருகே மிஷின் போட்டிருந்த டைப்பிஸ்ட் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பாப்பா, அப்பாயிண்டட் லீடர்னாலே போதும். நடுவுல ஆஸ் எதுக்கு?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பெரியம்மா அதைக் கவனிக்கவில்லை.

"அந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?"

"மேல இருக்கவுக உங்களை நியமிச்சாகன்னு அர்த்தம்மா."

"என்னை யாரும் நியமிக்கலங்க. இருவத்தேழு பொம்பளைக கை தூக்குனாக. அதுக்கு என்ன வார்த்தை?"

"எலெக்டட். ஆனா பெரியவர் கடுதாசில நியமிச்சதா இருக்கே? ரெண்டும் ஒத்துப்போகலைன்னா சோலி கெட்டுரும்மா."

பெரியம்மா அந்தக் கடிதத்தை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இது வேணாங்க. நம்ம வார்த்தையை வெரசா அடிங்க."

அதிகாரி மனுவைப் படித்து நிமிர்ந்தார். யார் தேர்ந்தெடுத்தது என்று இங்கிலீஷில் கேட்டார். நான் அதைப் பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பெரியம்மா இருபத்தேழு கைநாட்டு வைத்த தாளை மேஜைமேல் விரித்தார். அதிகாரி ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

அடுத்த மழைக்கு முன்பே ஊருக்கு நர்ஸம்மா வந்துவிட்டார்.

மனு கொடுத்த அன்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு 'ஆஸ்' பற்றிய கவலைதான். "எலெக்டட்டுக்குப் பெறகும் ஆஸ் வராதுல்ல பெரியம்மா?" என்று கேட்டேன். "வராது புள்ள" என்றார், எல்லாம் தெரிந்தவர்போல.

அந்த அறுவடையில் எங்கள் பூண்டு மூட்டைகளை, அறுவடைக்கு மட்டும் ஊருக்கு வரும் தம் லாரியில் ஊர்ப் பெரியவர் ஏற்றவிடவில்லை; அவர் கடிதத்தைக் கொடுக்காத கோபமாம். பெரியம்மா எங்கிருந்தோ இரண்டு பொதிக்குதிரைகள் பிடித்து வந்தார். ஒன்றின் முதுகில், மூட்டைகளுக்கு நடுவே என்னையும் தூக்கி உட்கார வைத்தார். இனி எல்லா வருஷமும் குதிரையிலேயே போகவேண்டும் என்று வழி நெடுக சாமியிடம் வேண்டிக்கொண்டு போனேன்.