பூம்புகார் நகரில் பெண் பார்க்கும் படலம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு மாப்பிள்ளை வீட்டார் டிராக்டரில் வந்தார்கள்.

ஊர்வலமெல்லாம் இல்லை. சும்மா பெண் பார்க்கத்தான். தெருவில் முழங்கால் வரை தண்ணீர். ஆட்டோக்காரர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்கள்.

பெண், எதிர்வீட்டுக் கோதண்டத்தின் மகள் சுமதி. கோதண்டம் எங்கள் பீர்க்கன்கரணையின் பழைய குடி. நிலத்தை விற்றுவிட்டு சிமென்ட் கடை வைத்திருக்கிறார். அலையாய் அலைந்து இப்போதுதான் ஒரு நல்ல இடம் அமைந்திருக்கிறது.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா என் பொண்ணு மூஞ்சிய எப்படி சார் பாக்கறது?" என்று காலையிலேயே என்னிடம் கண் கலங்கினார். கலங்கியவர், உடனே குரலை மாற்றினார்.

"எல்லாம் நீ வெச்ச பேரு சார்! இன்னா பேரு வெச்சே நீ!"

விஷயம் இதுதான். புது நகருக்கு என்ன பெயர் வைப்பது என்று சித்திரையில் கூட்டம் போட்டோம். ஆளாளுக்கு லட்சுமி நகர் என்றார்கள். தாம்பரத்தைச் சுற்றி ஏற்கெனவே எத்தனை லட்சுமி நகர்! போஸ்ட்மேன் பாவமில்லையா? நான் எழுந்தேன். பத்திரிகையில் எழுதுகிறவன் எழுந்தால் லேசில் உட்காருவானா? சோழர் துறைமுகம்... கப்பலில் வந்திறங்கிய குதிரைகள்... மூட்டை மூட்டையாய் மிளகு... பகலுக்கு ஒரு கடைவீதி, ராத்திரிக்கு ஒரு கடைவீதி – வெளுத்துக் கட்டினேன். முதலில் கை தட்டியதே கோதண்டம்தான். 'பூம்புகார் நகர்' என்று போர்டும் வைத்தாயிற்று.

அந்த ஊர் கடைசியில் என்ன ஆச்சு என்று ஒருத்தராவது கேட்டாரா? பேச்சு சூட்டில் நானும் அதுவரை போகவில்லை. கடல் கொண்ட கதை, ஐப்பசி மழையில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

நம் புறநகர் வழக்கமே இதுதானே? ஏரியில் மண்ணைக் கொட்டி பிளாட் போடுவோம். சாமி பேர் வைப்போம், ராஜா பேர் வைப்போம். தண்ணீருக்குப் பழைய அட்ரஸ் மறந்துவிடுமா என்ன?

டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரில் பிளாஸ்டிக் சேர் போட்டு மாப்பிள்ளை, அம்மா, அப்பா. மாப்பிள்ளையின் ஷூ அவர் கையில். அப்பா மட்டும் போர்டையே பார்த்தார்.

"பேர் யார் வெச்சது?"

கோதண்டம் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டிக் கொடுத்தார். மனுஷரா அவர்!

கூடத்திலும் கணுக்கால் தண்ணீர். பஜ்ஜி வந்தது, சொஜ்ஜி வந்தது. சுமதி ஒரு கையில் புடவைக் கொசுவம், மறு கையில் காபி டிரேயோடு தடுமாறி வந்தாள். மாப்பிள்ளை சட்டென்று எழுந்து டிரேயை வாங்கிக்கொண்டார்.

"பார்த்துங்க... வழுக்கும்."

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. கோதண்டத்துக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கும்தான்.

"நாங்க எந்த ஊர் தெரியுமா?" என்றார் அப்பா.

"மாயவரம்னு தரகர் சொன்னாரு..."

"அது ரயில் ஏறுற ஸ்டேஷன். சொந்த ஊர் பூம்புகார்."

செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் அவர். கோதண்டம் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"ஆனா கல்யாணத்தை எங்க ஊர்ல வெச்சுக்குவோம் சம்பந்தி. கடல் கொண்டது போக, எங்க பூம்புகார்ல இன்னும் கொஞ்சம் தரை மிச்சம் இருக்கு!"