அறந்தாங்கியில் தேய்த்துப் பார்த்த முகம்

காலை 7.40. அன்னவாசலில் புதுக்கோட்டை டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மடியில் துணிப்பை; அதில் பழைய சேலைத்துணி சுற்றிய ஒரு வெள்ளைக் கப், படம் அச்சடித்த தாள் ஒன்று, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். கப் வாங்கக் கம்பி நாரோடு கிளம்பியவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

காரணம் இருக்கிறது. அன்னவாசலில் எனக்கு ஒரு சின்னக் கடை. கப், தட்டு, சாவிக்கொத்து இவற்றில் போட்டோ போட்டுக் கொடுப்பேன். படத்தைத் தனி மையில் தாளில் அச்சடித்து, பூச்சுப் பூசிய கப்பில் சுற்றி மிஷினில் வைத்தால், சூட்டில் மை பூச்சுக்குள் இறங்கிவிடும். சப்ளிமேஷன் என்பார்கள். பூச்சு மட்டம் என்றால் படம் நிற்காது.

போன ஆவணியில் கௌசல்யா என்ற பெண்ணின் கல்யாணத்துக்கு, வந்தவர்களுக்குக் கொடுக்க இருநூறு கப் செய்தேன். நெட்டில் வாங்கிய கப். முதல் தடவை கழுவியதுமே பாதிக் கப்பில் பெண்ணின் முகம் மட்டும் போய்விட்டது. மாப்பிள்ளை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். இலுப்பூரில் அவள் மாமியார் அதை அபசகுனம் என்று பிடித்துக்கொண்டார். வீட்டில் எது நடந்தாலும் 'முகம் அழிஞ்சவ வந்த நேரம்' என்கிறாராம். கப் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நான் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். இப்போது தை மாதக் காதுகுத்துக்கு நூறு கப் கேட்டிருக்கிறார்கள். இதுவும் கோளாறானால் ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அதனால்தான் இந்தத் தடவை அறந்தாங்கியில் சேவியர் அண்ணன் என்பவர் கடையில் நேரிலேயே பார்த்து வாங்கக் கிளம்பினேன்.

8.50. புதுக்கோட்டையில் அறந்தாங்கி பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், டிக்கெட் முப்பது ரூபாய். வல்லத்திராக்கோட்டை தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மாள் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். வெளிநாடு போகிறவர்கள் பிள்ளைகள் படத்தை அந்தக் கடைக் கப்பில்தான் போட்டுக்கொண்டு போவார்களாம், அவர் மகனும் அப்படித்தானாம், கடைக்காரர் ரொம்ப நல்ல மனிதராம். கேட்காமலே இவ்வளவு நல்ல பேரா? கடைக்காரருக்குச் சொந்தமோ என்று எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

10.15. கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடை. சேவியர் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். வளைகுடாவில் அச்சுக்கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கப் மூன்று விலையில் இருந்தது: அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூற்றைந்து. காதுகுத்துக்கு எழுபத்தைந்தே போதும் என்றார். வியாபாரி விலை குறைந்ததைக் கைகாட்டினால், அந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்றுதான் அர்த்தம். மேல் வரிசையில் நல்லதை அடுக்கி, கழிசலை அடியில் வைப்பதும் எனக்குத் தெரியும். அடிப்பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அதன் அடியிலிருந்து ஒன்றை நானே எடுத்தேன். டியூப்லைட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு அடுத்த பெட்டியையும் பிரித்து வைத்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அச்சுப் போட்டுக் காட்டுங்கள், கம்பி நாரால் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று காதுகுத்துக் குழந்தையின் தாளை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"பச்சப் புள்ள மூஞ்சியவா தேய்ப்பீங்க? வேணாம்மா. என் மூஞ்சியப் போடுறேன், அதத் தேயிங்க."

தன் பாஸ்போர்ட் போட்டோவை வரிசையாக அச்சடித்து, நான் எடுத்த கப்பைச் சுற்றி மிஷினில் வைத்தார். நூற்றெண்பது டிகிரி, மூன்று நிமிடம். ஆறியதும் குழாயடிக்குக் கொண்டுபோய் அவர் மூக்கையும் மீசையையும் விரல் வலிக்கத் தேய்த்தேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அழியவில்லை.

அப்போதும் மனம் ஆறவில்லை. பையிலிருந்த பழைய கப்பை எடுத்தேன். கல்யாணத்துக்கு என்று கூடுதலாகவே வாங்கிப் போட்டதில் மிச்சம். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அடியில் நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தேன். இந்த மாதிரி சரக்கை என் தலையில் கட்டிவிடாதீர்கள் என்றேன். வாங்கிப் பார்த்தவர், அதிலும் தன் முகத்தைச் சுற்றி மிஷினில் வைத்தார். இது அழியும் பாருங்கள் என்று ஆசையாகத்தான் தேய்த்தேன். மீசையில் ஒரு முடிகூடக் குறையவில்லை.

"எத்தன நிமிஷம் வச்சீங்க?" என்றார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. இருநூறும் முடியாதே என்று பாதிக்கு மேல் இரண்டு நிமிடத்திலேயே எடுத்துவிட்டேன். சொன்னேன்.

"கைப்பிடிப் பக்கம் சூடு கடைசியாத்தான் ஏறும். அங்கிட்டு யாரு இருந்தா?"

"பொண்ணு."

பழைய கப் இன்னும் நூற்றிருபது வீட்டில் கிடப்பதைச் சொன்னதும், அப்படியானால் என்னிடம் எதுவும் வாங்க வேண்டாம், போய் அதையே ஒழுங்காகப் போடுங்கள் என்றார். பழைய கப்பைத் திரும்பச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதியம் 1.10. திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள் அவரைத்தான் குடைந்துகொண்டிருந்தேன். வந்த வியாபாரத்தை யாராவது விடுவார்களா? கப்பை மாற்றியிருப்பாரோ? எடுத்துப் பார்த்தேன், அடியில் புள்ளி இருந்தது. அவர் மேல் ஏதாவது குற்றம் அகப்பட்டால் நன்றாக இருக்குமே என்று நான் தேடுவது புதுக்கோட்டை வந்தபோதுதான் எனக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது.

3.20. நான் ஏறிய இலுப்பூர் பஸ் அன்னவாசலில் நின்றது. இறங்கவில்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி இலுப்பூரில் இறங்கி, கௌசல்யாவின் மாமியார் வீட்டைக் கேட்டுப் போனேன்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கப்பிலும் குற்றமில்லை, சகுனமும் இல்லை, நான் அவசரப்பட்டதுதான் என்றேன். கப்பை நீட்டினேன். அந்த அம்மாள் கையில் வாங்கி, சேவியர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொண்ணு வீட்டுல இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்புனாங்களா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கப்பைத் தேய்த்துப் பார்க்கவும் இல்லை. என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கௌசல்யா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் கிளம்ப, வந்து வாசல் கேட்டைத் திறந்துவிட்டாள். அவளுக்காவது மனம் லேசாகும் என்று நினைத்தேன்.

"அன்னைக்கே ஒரு கப்பத் தேச்சுப் பாத்திருக்கலாம்ல, அக்கா?" என்றாள்.