உவர்த் தேத்தண்ணி

தேநீரின் முதல் மிடறே உப்புக் கரித்தது. எதிரே பெரியம்மாவின் மகள் சாந்தி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவை எனக்குத் தெரியும். கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக் கிணறு உவர். அதில் சோப்புக்கூட நுரைக்காது. குடிப்பதற்குப் பைப்பில் வரும் நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைப்போம். தாத்தா விட்டுப்போன அந்த வீட்டைப் பெரியப்பா தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகு, பெரியம்மா வீட்டுச் சொந்தக்காரியாகச் சுவர்களைத் தட்டிப் பார்க்க வருவாள். அம்மா உடனே என்னிடம் வாளியைத் தருவாள்.

“குடத்தத் தொடாத. அந்த மனுசிக்குக் கிணத்துத் தண்ணியே காணும்.”

எவ்வளவு சீனி போட்டாலும் தேத்தண்ணி கரிக்கும். பெரியம்மா முகம் கோணாமல் கடைசிச் சொட்டுவரை குடிப்பாள். “நல்ல தேத்தண்ணி. இன்னும் கொஞ்சம் ஊத்தும்,” என்பாள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடவே வரும் சாந்தி அக்கா மட்டும் ஒரு வாயோடு கோப்பையை வைத்துவிட்டு என்னை முறைப்பாள்.

“குடி தங்கச்சி, ஆறப்போகுது,” என்றாள் இப்போது.

எங்கள் வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில், அவளுடைய வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். கிணற்றை எப்போதோ மூடிவிட்டார்கள். குழாயில் நல்ல தண்ணீர்தான் வருகிறது. உப்பை அவள் கையாலேயே போட்டிருக்கிறாள்.

கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

“நல்ல தேத்தண்ணி, அக்கா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ.”