நொச்சியில் வராத பூச்சி

இலை சுருட்டும் புழுவைப் பார்த்த உடனே பேர் சொல்கிறவனை நான் நம்ப மாட்டேன். முக்கால்வாசி பச்சையாகத்தான் இருக்கும், ஒரே மாதிரி நெளியும். எடுத்த செடியின் இலையையே போட்டு வளர்த்து, அந்துப்பூச்சி வெளியே வந்து சிறகு விரித்தால்தான் இன்னதென்று சொல்லலாம். எந்தச் செடி என்பது தப்பானால் எல்லாமே தப்பு.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எனக்கு ஃபிட்டர் வேலை. லீவு நாளில் மலையடிவார ஓடைக்குப் போய்ச் சுருண்ட இலைகளைக் கிள்ளி வருவேன். கூட வருகிறவன் மில் கூட்டாளி. வன்னியம்பட்டியில் பருத்திக்காடு வைத்திருக்கிறான். நான் வெளியூர் போகும்போதெல்லாம் புழு டப்பாக்கள் அவன் வீட்டில்தான் இருக்கும்.

போன வருசம் ஓடைக்கரை நொச்சியில், தலையில் கரும்புள்ளி வைத்த புழுக்கள் கிடைத்தன. அதுவரை நான் பார்க்காதவை. மகளைக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்க்கப் போக வேண்டியிருந்தது. டப்பாவை அவனிடம் கொடுத்தேன். "தினமும் புது நொச்சி இலை போடணும். மறந்துராத."

"ஏலே, எம்புட்டு வாட்டி சொல்லுவ? கைப்பிள்ளையவா விட்டுட்டுப் போற?" என்றான்.

திரும்பி வந்தபோது நொச்சி இலைக்குள் கூட்டுப்புழுக்கள் கிடந்தன. வெளியே வந்ததோ வெளிர்மஞ்சள் சிறகில் பழுப்புக் கோடு நெளியும் பூச்சி. பருத்தி இலையைச் சுருட்டுமே, அதே பூச்சி. நொச்சியிலும் இது வருகிறது என்று பூச்சி பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் படம் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியை ஒருவர், "நொச்சியில் அது வராது சார். டப்பா மாறியிருக்கும்" என்று எழுதினார். "டப்பாவைப் பார்த்துக்கொண்டவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று சூடாகப் பதில் போட்டேன்.

மறுநாள் டப்பாவைக் கழுவ எடுத்தேன். ஒரு காலிக் கூட்டில் நூலோடு ஒரு துண்டு இலை ஒட்டியிருந்தது. காய்ந்திருந்தாலும் தெரிந்தது, பருத்தி இலை.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வன்னியம்பட்டி. அவன் காட்டில் நின்றான்.

"நான் குடுத்த புழு எங்கல?"

"செத்துப்போச்சு. இலை போட மறந்துட்டேன். நீ வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவன்னு நம்ம காட்டுக் கூட்டுப்புழுவ எடுத்து வச்சேன். பூச்சிதானல, எதுவா இருந்தா என்ன?"

"செத்துப்போச்சுன்னு சொல்ல வேண்டியதுதான?"

சிரித்தான். "சொன்னா, பொறவு டப்பா தருவியாக்கும்?"

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ இப்படிச் செஞ்ச?"

சிரிப்பு நின்றது. குனிந்து செடியில் ஒரு சுருட்டையைக் கிள்ளிப் போட்டான். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆசிரியையிடம் குழுவிலேயே மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அவன் வீட்டுக்குப் போய் வந்த டப்பாக்களில் பிறந்த பூச்சிகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். பல வருச உழைப்பு. அதில் சிலது உண்மையாகவும் இருந்திருக்கும். எதெது என்று எனக்குத் தெரியாது. அந்த நாய்க்கும் தெரியாது.