மாதா வாசலில் உடைந்த தேங்காய்

எனக்குப் புத்தி எப்போதும் சற்றுப் பிந்தித்தான் வரும். அன்று அது வரவேயில்லை. மனைவியை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கரடியனாற்றிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு, அதற்குமேல் பயம். எங்கள் ஊர்ச் சாமிகளையெல்லாம் தொந்தரவு செய்து முடித்துவிட்டதால், ஆஸ்பத்திரியிலிருந்து புளியந்தீவின் பழைய மாதா பேராலயத்துக்கு நடந்தேன். பிள்ளையார் கோயிலில் செய்வதுபோல, வழியில் வாங்கிய தேங்காயை வாசற்படியில் ஓங்கி அடித்தேன்.

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். ஒல்லியான, உயர்ந்த உருவம், கழுத்தில் செபமாலை. நிமிரும்போதெல்லாம் விளக்குமாற்றுத் தடியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விடுவது அவர் வழக்கம் போலும். என்னைப் பார்த்தபோது அது சற்று நீண்டது.

"ஆருக்குத் தம்பி?"

"மனிசிக்கு அக்கா. ஒப்பரேஷன் நடக்குது. நாங்க சைவம், கைப்பழக்கத்தில உடைச்சிட்டன்."

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்துத் தந்தார்.

"இதக் கொளுத்துங்க. மனிசிட பேரையும் சொல்லுங்க."

நான் உரசிய தீக்குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. அவரே ஒன்றை உரசி, திரி பற்றும்வரை வாவிக்காற்றைக் கையால் மறைத்து நின்றார். பேரைச் சொன்னேன். பயம் போகவில்லை.

"மாதா கோவிச்சிருப்பாவோ, அக்கா?"

"அவவுக்கென்ன, கூட்டுறது நான்தானே."